டெல்டா நெல்லின் தரமும் சத்தும்: விதையில் கூடுகிறதா, ஆலையில் குறைகிறதா?

பாமணிக்கரை (மன்னார்குடி) | தொடக்கப் பதிவு

அனைவருக்கும் வணக்கம். பாமணியாற்றுப் பாசனத்தில் குறுவையும் அதையடுத்துத் தாளடியும், சில வயல்களில் ஒருபோகச் சம்பாவும் சாகுபடி செய்கிறோம். துத்தநாகச் (ஜிங்க்) சத்து மிகுந்த நெல் ரகங்கள் வந்திருப்பதாகவும், டெல்டா விவசாயிகள் அவற்றுக்கு மாற வேண்டும் என்றும் விவசாயிகள் கூட்டங்களில் இப்போது அடிக்கடி பேசுகிறார்கள். சம்பாவுக்கு விதை எடுக்கும் முன் இதைத் தெளிவாகப் புரிந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கள் பகுதியில் பலர் சி.ஆர். 1009 போன்ற மோட்டா (தடித்த மணி) ரகத்தைப் பயிரிட்டு அரசின் நேரடி கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு, வீட்டுச் சாப்பாட்டுக்குப் பிபிடி அரிசியையோ வெள்ளைப் பொன்னியையோ கடையில் சிப்பமாக வாங்குகிறார்கள். கொள்முதலில் இருப்பவை பொது ரகம், சன்ன ரகம் என்ற இரண்டு பிரிவுகள்தான். 2024-25 பருவத்தில் மாநில அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்துப் பொது ரகத்துக்குக் குவிண்டாலுக்கு 2405 ரூபாயும் சன்ன ரகத்துக்கு 2450 ரூபாயும் கிடைத்தன. அந்த 45 ரூபாய் மணியின் வடிவத்துக்குக் கிடைக்கும் விலை. மணிக்குள் இருக்கும் சத்தை அளப்பவரும் இல்லை, அதற்கு விலை தருபவரும் இல்லை.

ஆகவே நான் கேட்க விரும்புபவை இவை. அரிசியின் தரம் என்பதை யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? சத்து மிகுந்த ரகத்தைப் பயிரிட்டாலும் ஆலையில் வெள்ளை வெளேரெனத் தீட்டிய பிறகு அந்தச் சத்தில் எவ்வளவு தட்டுக்கு வருகிறது? விதையை மாற்றாமல் வயலிலேயே செய்யக்கூடியது ஏதேனும் உண்டா? அனுபவம் உள்ளவர்கள் விரிவாக எழுத வேண்டுகிறேன்.

பயிர்ப்பெருக்க மாணவி | மறுமொழி

வணக்கம் ஐயா. முதல் கேள்விக்கு மட்டும் என்னால் இயன்ற வரை எழுதுகிறேன்.

அரிசியின் தரத்தை ஆராய்ச்சி நிலையங்களில் நான்கு கோணங்களில் பார்க்கிறார்கள். நெல்லை அரைக்கும்போது எவ்வளவு முழு அரிசி தேறுகிறது என்பது ஒன்று. மணியின் நீளம், அகலம், கண்ணாடி போன்ற தெளிவு, வயிற்று வெள்ளை (மணியின் நடுவில் தெரியும் வெண்மை) இல்லாமை ஆகிய தோற்றப் பண்புகள் இன்னொன்று. சமைத்த சோறு உதிரியாக இருக்கிறதா, குழைகிறதா, ஆறியபின் விறைக்கிறதா என்பது மூன்றாவது. நான்காவதுதான் சத்து. ஒரு ரகம் வெளியிடப்படும்போது முதலில் விளைச்சலும் நோய் எதிர்ப்பும், அடுத்து மேற்சொன்ன முதல் மூன்றும் பார்க்கப்பட்டு வந்தன. சத்துக்கென்று தனியாக ரகம் தேர்வது நம் நாட்டில் அண்மைக் காலத்தில்தான் வேகம் பெற்றிருக்கிறது.

நம் மக்கள் விரும்பும் சன்ன மணியின் வரலாறு தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்புடையது. கோயம்புத்தூரில் 1921-இல் வெளியிடப்பட்ட ஜி.இ.பி. 24 என்ற கிச்சிலிச் சம்பா வகை, மணியின் நேர்த்திக்காக நாடெங்கும் புகழ்பெற்றது. பிற்பாடு ஆந்திரத்தின் பாபட்லாவில் அதைத் தைச்சுங் நேட்டிவ் 1 என்ற குட்டை ரகத்தோடும் மசூரியோடும் ஒட்டுச் சேர்த்து உருவாக்கியதுதான் 1986-இல் வெளிவந்த பிபிடி 5204, அதாவது சம்பா மசூரி. அந்த மசூரியும் மலேசியாவில் தேர்ந்தெடுக்கப்பட்டு இங்கே வந்து பொன்னி என்று பெயர் பெற்றது. குறுவையில் சன்ன அரிசி வேண்டுமென்று பலரும் போடும் ஆடுதுறை 43-இன் பெற்றோரிலும் வெள்ளைப் பொன்னி இருக்கிறது. ஆக, இன்று சந்தையில் நல்ல அரிசி என்று பெயரெடுத்தவற்றில் பல ஒரே உறவு வட்டத்தைச் சேர்ந்தவை.

சோற்றின் பதத்தைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மாவுப்பொருளில் உள்ள அமைலோஸ் என்ற கூறு. அது 20 முதல் 25 சதவீதம் வரை இருந்தால் சோறு மென்மையாகவும் ஓரளவு உதிரியாகவும் வரும். அதற்கு மேல் போனால் உதிரியாக வெந்து, ஆறியதும் விறைத்துவிடும். வயிற்று வெள்ளையில் ரகத்தோடு தட்பவெப்பமும் சேர்ந்துகொள்கிறது. பால்பிடித்து மணி நிரம்பும் நாள்களில் இரவு வெப்பம் மிகுந்தால் மாவுத்துகள்கள் நெருக்கமாக அடையாமல் இடையே காற்றிடம் விழுந்து, அந்த இடம் வெள்ளையாகத் தெரிகிறது; அரைவையில் மணி அங்கேதான் உடைகிறது. ஆகஸ்ட், செப்டம்பரில் மணி நிரம்பும் குறுவையைவிட, குளிர்ந்த இரவுகளில் முற்றும் சம்பாவின் அரிசி தெளிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்தைப் பொறுத்தவரை, வழக்கமான ரகங்களின் தீட்டிய அரிசியில் கிலோவுக்கு 12 முதல் 16 மில்லிகிராம் துத்தநாகம் இருக்கும். ஐதராபாத் நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் டி.ஆர்.ஆர். தான் 45 (தான் என்றால் இந்தியில் நெல்) என்ற ரகத்தில் இது 22.6 மில்லிகிராம். கட்டாக் நிறுவனத்தின் சி.ஆர். தான் 310 என்ற ரகத்தில், வழக்கமாக 7 அல்லது 8 சதவீதம் இருக்கும் புரதம் 10.3 சதவீதம் இருக்கிறது. இரண்டும் 2016-இல் அறிவிக்கப்பட்டவை. இந்த எண்கள் தீட்டிய அரிசியில் அளந்தவை என்பதை ஐயா கவனிக்க வேண்டும். துத்தநாகம் தவிட்டில் மட்டும் இல்லாமல் மணியின் உட்பகுதி வரை பரவியிருப்பதால், தீட்டினாலும் கணிசமான பங்கு தங்குகிறது. இரும்பு அப்படியன்று. அதில் பெரும்பங்கு மேல் உறையில் இருப்பதால் தீட்டும்போது தவிட்டோடு போய்விடுகிறது. பயிர்ப்பெருக்கத்தால் மட்டும் அரிசியில் இரும்பைக் கூட்டுவது கடினமாக இருப்பதற்கு இதுவே முதற்காரணம்.

குடந்தை ஆலை | மறுமொழி

மாணவி எழுதியது சரி. மணி வயலை விட்டு வந்த பிறகு அதற்கு என்ன நேர்கிறது என்பதை, ஆலை நடத்துபவன் என்ற முறையில் சொல்கிறேன். தரத்தில் பாதிக்கு மேல் இந்தக் கட்டத்தில்தான் தீர்மானமாகிறது என்பது என் உறுதியான கருத்து.

நூறு கிலோ நெல்லில் ஏறத்தாழ 20 கிலோ உமி. 8 முதல் 10 கிலோ வரை தவிடு. மீதி சுமார் 70 கிலோவே அரிசி. அந்த 70 கிலோவில் முழு அரிசி எவ்வளவு, நொய்யும் குருணையும் எவ்வளவு என்பதில்தான் எங்கள் வாழ்வும் நெல் விற்பவருக்கு நாங்கள் தரும் விலையும் அடங்கியிருக்கின்றன. அரசுக்காக அரைத்துக் கொடுக்கும்போது பச்சரிசியில் 25 சதவீதம் வரையும் புழுங்கலரிசியில் 16 சதவீதம் வரையும் உடைசலை ஏற்கிறார்கள். கடைக்குப் போகும் அரிசியில் அந்த அளவு உடைசலோடு எவரும் சிப்பத்தைத் தொடமாட்டார்.

மணி உடைவது இயந்திரத்தில்தான் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மையில் ஆலைக்கு வருவதற்கு முன்பே அது கீறல் விட்டிருக்கும். இயந்திரம் அதை இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். முற்றிய கதிரை அறுக்காமல் விட்டால் பகல் வெயிலில் மணி நன்றாகக் காய்கிறது, இரவுப் பனியில் மீண்டும் ஈரத்தை உறிஞ்சுகிறது. வெளிப்புறம் ஈரத்தால் விரிய, உட்புறம் காய்ந்தபடியே நிற்க, நடுவில் கீறல் விழுகிறது. தை மாதப் பனியில் அறுவடை வண்டிக்காகக் காத்திருக்கும் வயல்களில் இது ஒவ்வொரு நாளும் நடக்கிறது. கதிரில் ஐந்தில் நான்கு பங்கு மணி பழுத்து, ஈரப்பதம் 20 முதல் 22 சதவீதத்துக்குள் இருக்கும்போது அறுத்து, பிறகு மெதுவாகக் காயவைத்த நெல் எங்களிடம் வந்தால் அதை முதல் நொடியிலேயே அடையாளம் காண முடியும்.

காயவைப்பதில் இன்னொரு பிழை இருக்கிறது. தார்ச்சாலையில் மெல்லிய படலமாகக் கொட்டி உச்சி வெயிலில் ஒரே மூச்சில் உலர்த்தினால் கீறல் மேலும் கூடும். இரண்டு தவணையாகக் காயவைத்து, இடையில் குவித்து மூடி ஆறவிட்டால் மணியின் உள்ளீரமும் வெளியீரமும் சமமாகும். அரைப்பதற்கும் இருப்பு வைப்பதற்கும் 14 சதவீத ஈரப்பதம் பொருத்தமானது. கொள்முதல் நிலையத்துக்கான உச்ச வரம்பு 17 சதவீதம். மழை மிகுந்த ஆண்டுகளில் டெல்டாவுக்கு அதைத் தளர்த்தியும் இருக்கிறார்கள். தளர்வு விவசாயிக்குத் தேவையானது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஈர நெல் உலர்த்தும் வசதியில்லாமல் சாக்கில் அடைபட்டு, திறந்த வெளியில் அடுக்கப்பட்டுக் கிடந்தால், சூடேறிப் பழுப்பாகி, பூஞ்சை பிடித்து, சில சமயம் முளைத்தும் விடுகிறது. எவ்வளவு நல்ல விதையைக் கொடுத்தாலும் அந்த மூட்டைக்குள் தரம் என்று பேச எதுவும் மிஞ்சாது.

அடுத்து, தீட்டுவது. நாங்கள் ஆசைப்பட்டு வெள்ளையாகத் தீட்டுவதில்லை. தவிடு சற்று ஒட்டியிருக்கும் அரிசியைக் கடைக்கு அனுப்பினால் பழுப்பு அரிசி என்று திரும்பி வருகிறது. பலமுறை தீட்டி, நீர்த்தெளிப்பில் பளபளப்பேற்றி, நிறம் பிரிக்கும் இயந்திரத்தில் ஒரு கறுப்பு மணிகூட இல்லாமல் நீக்கி அனுப்பினால்தான் முதல் தரம் என்கிறார்கள். வாங்குபவர் கேட்பதை அரைத்துத் தருகிறோம்.

பாமணிக்கரை | மறுமொழி

ஆலைக்கார ஐயாவுக்கு நன்றி. ஒன்று மட்டும் கேட்கிறேன். இயந்திர அறுவடையில் மணி அடிபடுவது பற்றித் தாங்கள் எழுதவில்லை. அறுவடைக்கு முன் தண்ணீர் வடிப்பதற்கும் அரிசித் தரத்துக்கும் தொடர்பு உண்டா?

குடந்தை ஆலை | மறுமொழி

இரண்டுக்கும் தொடர்பு உண்டு. அறுவடை வண்டியின் கதிரடிக்கும் உருளையை அளவுக்கு மீறிய வேகத்தில் ஓட்டினால் நெல்லின் உமி உரிந்து, உள்ளே மணியும் விரிசல் விடுகிறது. மணி நேரக் கணக்கில் வாடகை ஓடுவதால் ஓட்டுநர் அவசரப்படுகிறார். தண்ணீரை மிக முன்னதாக வடித்துவிட்டால் கதிரின் அடிமணிகள் நிரம்பாமல் கருக்காயாகும். கடைசி வரை நிறுத்தினால் முதிர்ச்சி சீராக இருக்காது, வண்டியும் இறங்காது. மண்ணைப் பொறுத்து அறுவடைக்குப் பத்துப் பதினைந்து நாள் முன்னதாக வடிப்பது இங்கே பொதுவாக ஒத்துவருகிறது.

உணவியல் தஞ்சை | மறுமொழி

அனைவருக்கும் வணக்கம். மருத்துவமனையில் உணவு ஆலோசனை வழங்கும் பணியில் இருக்கிறேன். ஐயா கேட்ட இரண்டாவது கேள்வி என் துறையைச் சேர்ந்தது என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

அரிசியைத் தீட்டுவதால் என்ன இழக்கிறோம் என்பதை உலகம் அறிந்துகொண்ட வரலாற்றில் நம் மக்களுக்கும் ஓர் இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் சுரங்கங்களிலும் தோட்டங்களிலும் பெரிபெரி என்ற நோய் ஏராளமானோரைக் கொன்றது. கால்கள் மரத்து, உடல் வீங்கி, இதயம் செயலிழந்து இறந்தார்கள். ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடம் அந்நோய் மிகுதியாக இருக்க, அதே நாட்டில் உழைத்த தமிழ்த் தொழிலாளர்களிடம் அரிதாகவே காணப்பட்டது. தமிழர்கள் உண்டது புழுங்கலரிசி. அங்கிருந்த ஆங்கில மருத்துவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனித்து நடத்திய ஆய்வுகளும், அதற்கு முன் ஜாவாவில் டச்சு மருத்துவர் ஐக்மன் கோழிகளை வைத்துச் செய்த சோதனைகளும் சேர்ந்துதான் தயமின் எனப்படும் பி1 உயிர்ச்சத்தை நோக்கி அறிவியலை அழைத்துச் சென்றன. ஐக்மனுக்கு 1929-இல் நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கான விளக்கம் எளியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள நீரில் கரையும் உயிர்ச்சத்துகளில் ஒரு பகுதி உள்நோக்கி நகர்ந்து மாவுப் பகுதியில் தங்கிவிடுகிறது. மாவு வெந்து இறுகுவதால், பிறகு தீட்டினாலும் அந்தச் சத்து எளிதில் உரிந்து போவதில்லை. ஆலைக்கார ஐயா குறிப்பிட்ட கீறல்களும் அவிக்கும்போது ஒட்டிக்கொள்கின்றன. அரசு விதியில் புழுங்கலுக்கு உடைசல் வரம்பு குறைவாக இருப்பதும் அதனால்தான். அதாவது, முழு அரிசி கூடுவதும் சத்து தங்குவதும் ஒரே வேலையில் நடக்கின்றன. டெல்டாவின் பெரும்பாலான வீடுகளில் தலைமுறைகளாக இருந்துவரும் இந்தப் பழக்கத்தைவிட விரிவான, செலவு குறைந்த சத்துத் திட்டம் ஒன்றை என்னால் எண்ணிப்பார்க்க முடியவில்லை. ஆனால் இன்று புழுங்கலரிசியையும் பச்சரிசி போல வெளுக்கும் வரை தீட்டச் சொல்லிக் கேட்கிறோம். வீட்டில் மூன்று நான்கு முறை கசக்கிக் கழுவுகிறோம். கஞ்சியை வடித்துக் கொட்டுகிறோம். மிஞ்சியதில் மேலும் ஒரு பங்கு இவ்வாறு போகிறது.

துத்தநாக ரகத்தால் எவ்வளவு பயன் என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒருவர் நாளொன்றுக்கு 300 கிராம் அரிசி உண்பதாகக் கொண்டால், கிலோவுக்கு 14 மில்லிகிராம் உள்ள அரிசியில் 4.2 மில்லிகிராம் துத்தநாகம் கிடைக்கும், 22.6 மில்லிகிராம் உள்ள அரிசியில் ஏறத்தாழ 6.8 மில்லிகிராம் கிடைக்கும். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் பரிந்துரைத்த அளவு ஆணுக்கு 17, பெண்ணுக்கு 13.2 மில்லிகிராம். கூடுதலாக வரும் 2.6 மில்லிகிராம் முழுத் தீர்வாகாது. எனினும் உணவுப் பழக்கத்தில் எதையும் மாற்றாமல், மூன்று வேளையும் அரிசியையே நம்பியிருக்கும் வீட்டுக்கு அது வந்து சேர்கிறது என்பதால் நான் அதைச் சிறிதென்று ஒதுக்கமாட்டேன்.

நியாயவிலைக் கடை அரிசியில் சேர்க்கப்பட்டுவந்த செறிவூட்டிய மணிகளைப் பற்றியும் இங்கே சொல்லிவிடுகிறேன். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 ஆகியவற்றைக் கலந்து, அரிசி வடிவில் பிழிந்தெடுத்து, நூறு அரிசிக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்து வந்தார்கள். கலந்தபின் ஒரு கிலோ அரிசியில் 28 முதல் 42.5 மில்லிகிராம் வரை இரும்பு இருக்க வேண்டும் என்பது விதி. இது பிளாஸ்டிக் அரிசி என்ற வதந்தியை நம்பி, பொறுக்கி எறியும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்; அது தேவையற்ற அச்சம். தலசீமியா போன்ற இரத்த நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும்.

கவுனிக்காடு (திருத்துறைப்பூண்டி) | மறுமொழி

இவ்வளவு நேரம் எழுதியவர்கள் எவரும் நம் மரபு நெல்லைப் பற்றிப் பேசாதது எனக்கு வருத்தம் தருகிறது. துத்தநாகத்துக்கு ஐதராபாத்தையும் புரதத்துக்குக் கட்டாக்கையும் பார்க்கும் நாம், ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தம் வாழ்நாளில் 170-க்கும் மேற்பட்ட மரபு ரகங்களை மீட்டெடுத்து, நெல் திருவிழாவில் விதையாகவே விவசாயிகளின் கையில் கொடுத்துவிட்டுச் சென்றதை மறக்கக் கூடாது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஐயா தொடங்கி வைத்த பணி அது. மாப்பிள்ளைச் சம்பா, பூங்கார், காட்டுயானம், கறுப்புக்கவுனி, தூயமல்லி, சீரகச் சம்பா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு மண்ணும் ஒரு பட்டமும் (விதைப்புப் பருவமும்) ஒரு சமையலும் உண்டு. கடைமடையில் தண்ணீர் தேங்கும் தாழ்ந்த வயலில், குட்டை ரகம் அழுகும் இடத்தில், இவற்றில் சில தலை தூக்கி நிற்பதை ஆண்டுதோறும் பார்க்கிறேன். உரச் செலவு குறைவு, வைக்கோல் மிகுதி. கறுப்பும் சிவப்புமாக உள்ள இந்த அரிசிகளில் இல்லாத சத்தா புதிய ரகங்களில் இருக்கப்போகிறது? சர்க்கரை நோயே இவற்றால் குணமாகிறது என்று வாங்கிச் செல்பவர்கள் சொல்கிறார்கள்.

உணவியல் தஞ்சை | மறுமொழி

கவுனிக்காடு ஐயா, தங்கள் பணியை நான் மதிக்கிறேன். ஆனால் கடைசி வரியை ஏற்க இயலாது. எந்த அரிசியும் சர்க்கரை நோயைக் குணப்படுத்தாது. அந்த நம்பிக்கையில் மாத்திரையை நிறுத்தியவர்கள் கால் புண்ணோடு வருவதைப் பார்க்கும் இடத்தில் நான் இருக்கிறேன். அரிசிகளுக்கிடையே சர்க்கரையை ஏற்றும் வேகத்தில் வேறுபாடு உண்டு என்பது உண்மை. 2011-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் 235 ரகங்களைச் சோதித்தபோது, அந்த வேகத்தைக் காட்டும் கிளைசெமிக் குறியீடு 48 முதல் 92 வரை பரவியிருந்தது. பாக்டீரியா இலைக்கருகலுக்கு எதிர்ப்பு சேர்த்து 2008-இல் வெளியிடப்பட்ட மேம்படுத்திய சம்பா மசூரியில் அது ஏறத்தாழ 51 என்று அளக்கப்பட்டிருக்கிறது. ஆகவே குறைந்த குறியீடு மரபு ரகங்களுக்கு மட்டும் உரியதும் அன்று, எல்லா மரபு ரகங்களுக்கும் பொதுவானதும் அன்று. குறியீடு குறைவான அரிசியையும் தட்டு நிறைய உண்டால் பயனில்லை; அளவும், கூட வைத்துக்கொள்ளும் பருப்பும் காயும் முக்கியம்.

கறுப்புக்கவுனியின் நிறம் ஆந்தோசயனின் என்ற பொருளால் வருவது. அது மேலுறையில் இருக்கிறது. மாப்பிள்ளைச் சம்பாவின் செம்மையும் அவ்வாறே. அந்த உறையைத் தீட்டி எடுத்துவிட்டால் பெயர் மட்டுமே மரபு அரிசியாக இருக்கும். சந்தையில் வெளிர் நிறத்தில் விற்கப்படும் மாப்பிள்ளைச் சம்பாவுக்கு அதிக விலை கொடுப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

கவுனிக்காடு | மறுமொழி

நோய் குணமாகும் என்று விளம்பரம் செய்வது தவறு என்பதை ஏற்கிறேன்; என் மூட்டைகளில் அப்படி எழுதுவதில்லை. தீட்டாமல் கொடுக்க வேண்டும் என்பதைத்தான் நானும் சொல்லி வருகிறேன். ஆனால் அம்மா, இந்த நெல்லை அரைக்கப் பெரிய ஆலைகள் வாங்குவதில்லை. தவிடு போகாமல் உமியை மட்டும் நீக்கித் தரும் சிறு இயந்திரம் ஊருக்கு ஒன்று இருந்தாலே எங்களில் பலர் இன்னும் கூடுதலாகப் பயிரிடுவோம்.

பயிர்ப்பெருக்க மாணவி | மறுமொழி

கவுனிக்காடு ஐயாவும் நாங்களும் எதிரெதிர்ப் பக்கத்தில் நிற்பதாக நான் கருதவில்லை. மேலே சொன்ன பிபிடிக்குள்ளேயே ஒரு கிச்சிலிச் சம்பா இருக்கிறது. மரபு ரகங்களின் சிக்கல்கள் உயரமும் சாய்தலும், நீண்ட வயதும், குறைந்த விளைச்சலும் ஆகும். அவற்றின் மேலுறைச் சத்தை வைத்துக்கொண்டு பயிரின் அமைப்பை மாற்றலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கவுனி கோ 57 என்ற கறுப்பரிசி ரகம் அவ்வழியில் வந்ததுதான்.

ஒரு தயக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். விளைச்சல் கூடினால் மணியில் சத்தின் அடர்த்தி நீர்த்துப்போவது இயல்பு. புரதத்தில் இது மிகத் தெளிவாகத் தெரியும். துத்தநாகம் ரகத்தை மட்டும் பொறுத்ததும் அன்று. மண்ணில் கிடைக்காததை எந்த ரகமும் மணிக்கு ஏற்ற முடியாது. ஐதராபாத்தில் அளந்த 22.6 மில்லிகிராம் மன்னார்குடிக் களிமண்ணிலும் வரும் என்று உறுதி கூற இயலாது.

ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர் | மறுமொழி

மாணவி நிறுத்திய இடத்திலிருந்து தொடர்கிறேன். பாமணிக்கரை அவர்களின் மூன்றாவது கேள்விக்கும் இதுவே விடை.

தண்ணீர் தொடர்ந்து தேங்கி நிற்கும் வயலில் துத்தநாகம் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காத வடிவத்துக்கு மாறிவிடுகிறது. மண்ணில் களர்த்தன்மை (காரம்) இருந்தால் இது மேலும் கூடும். மணிச்சத்து (பாஸ்பரஸ்) உரத்தை அளவின்றிப் போட்டாலும் கூடும். நடவு வயலில் இலையின் நடுநரம்பு வெளுத்து, பழுப்புப் புள்ளிகள் விழுந்து, பயிர் குத்துக்குத்தாகக் குன்றி நிற்பதை நம் பகுதியில் அடிக்கடி பார்க்கலாம். இதற்கு ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை 20 கிலோ உலர்ந்த மணலோடு கலந்து, கடைசி உழவுக்குப் பின் நடவுக்கு முன் தூவுவது நீண்டகாலப் பரிந்துரை. டிஏபி உரத்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது.

இந்த அடியுரம் விளைச்சலைக் காக்கும். மணியின் சத்தைக் கூட்ட வேண்டுமானால் இலைவழித் தெளிப்பு கூடுதல் பயன் தரும். லிட்டருக்கு 5 கிராம் வீதம் துத்தநாக சல்பேட்டைக் கரைத்து, பூத்து முடிந்த உடன் ஒரு முறையும் பால்பிடிக்கும்போது ஒரு முறையும் மாலையில் தெளிக்கலாம். பூ மலரும் முற்பகல் நேரத்தைத் தவிர்க்க வேண்டும். எந்த ரகத்திலும் இதைச் செய்யலாம் என்பதே இதன் சிறப்பு. காய்ச்சலும் பாய்ச்சலுமாக (வயலைச் சற்றுக் காயவிட்டு மீண்டும் பாய்ச்சி) நீர் கொடுத்தால் அதுவும் துணை செய்யும். சாம்பல் சத்தை (பொட்டாஷ்) அடியுரமாக மட்டும் போட்டு நிறுத்திவிடாமல் தவணைகளாகப் பிரித்து, கதிர் வெளிவரும் தருணம் வரை கொடுத்தால் மணி நன்கு நிரம்பும், கருக்காய் குறையும். தழைச்சத்தைக் (நைட்ரஜன்) கடைசித் தவணையில் கூட்டினால் புரதம் சற்று உயரும். ஆனால் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அந்தப் பச்சையைத் தேடி வரும், பயிரும் சாயும். நம் பகுதிக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்கிறேன். இந்தத் தெளிப்புக்கான மருந்துச் செலவையும் ஆள்கூலியையும் விவசாயி தன் கையிலிருந்து போடுகிறார். அதனால் கூடிய சத்துக்குக் கொள்முதல் நிலையத்தில் ஒரு ரூபாய்கூடக் கிடைப்பதில்லை. ஈரத்தையும் வடிவத்தையும் அளப்பது போலச் சத்தையும் அளந்து, அந்த நெல்லைத் தனியாகக் குவித்து, சத்துணவுக் கூடங்களுக்கும் அங்கன்வாடிகளுக்கும் புழுங்கலாக அரைத்துக் கொடுக்கும் ஏற்பாடு வராதவரை, துத்தநாக நெல் கூட்டங்களில் பேசப்படும் பொருளாகவே இருக்கும். தனியே குவிக்காமல் பொதுக் குவியலில் கொட்டினால் அந்தச் சத்து யாருக்குப் போனது என்றே தெரியாமல் கலந்துவிடும்.

பாமணிக்கரை | மறுமொழி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. தெளிவு கிடைத்திருக்கிறது. விற்பனை நெல்லில் இப்போதைக்கு ரகத்தை மாற்றப்போவதில்லை. அடியுரத் துத்தநாகத்தை எல்லா வயலுக்கும் இடுவேன். வீட்டுக்கும் எங்கள் தெருவில் கேட்பவர்களுக்குமாக ஒரு மாவில் (ஏக்கரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு) துத்தநாக ரகத்தைத் தாளடியாக நட்டு, இருமுறை தெளித்து, புழுங்கலாக்கி, ஒரே தீட்டலோடு நிறுத்தி உண்ண எண்ணியிருக்கிறேன். டி.ஆர்.ஆர். தான் 45-இன் வயது சுமார் 130 நாள் என்பதால் தாளடிக்கு ஒத்துவரும். அரைவைக்குத்தான் வழி தெரியவில்லை. குடந்தை ஐயா, ஒரு மா நெல்லைத் தனியாக அவித்து, குறைவாகத் தீட்டித் தர இயலுமா? அப்படிப்பட்ட அரிசி எத்தனை நாள் கெடாமல் இருக்கும்?

குடந்தை ஆலை | மறுமொழி

எங்கள் கொதிகலனும் ஊறல் தொட்டியும் டன் கணக்கில் ஓடுபவை. பத்துப் பதினைந்து மூட்டையைத் தனியாக இறக்கினால் அடுத்தவர் நெல்லோடு கலக்கும், எரிபொருள் செலவும் கட்டாது. கவுனிக்காடு அவர்களும் நீங்களும் உங்கள் தெருக்காரர்களும் சேர்ந்து, ஒரே ரகமாக ஒரு தொட்டி நிறையும் அளவு கொண்டுவந்தால் ஒரு நாளை உங்களுக்கென ஒதுக்கித் தருகிறேன். குறைவாகத் தீட்ட இயந்திரத்தில் புதிதாக எதுவும் வேண்டாம். அழுத்தத்தைத் தளர்த்தி, இரண்டாம் உருளையைத் தவிர்த்தால் போதும்.

கெடாமல் இருப்பது பற்றி: தவிடு ஒட்டிய அரிசியில் எண்ணெய் இருப்பதால் சிக்கு வாடை வரும், வண்டும் விரைவில் பிடிக்கும். அவித்த நெல்லில் அந்த எண்ணெயைச் சிதைக்கும் நொதி செயலிழந்துவிடுவதால் பச்சரிசியைவிடச் சற்றுக் கூடுதலாகத் தாங்கும். ஆனாலும் ஆண்டுக்கான அரிசியை ஒரே தடவையில் தீட்டி வைக்காதீர்கள். அவித்து 14 சதவீதத்துக்கு உலர்த்திய புழுங்கல் நெல்லாகவே உமியோடு வைத்துக்கொண்டு, மாதத்துக்குத் தேவையானதை மட்டும் ஊரிலுள்ள சிறு அரைவையில் தீட்டிக்கொள்ளுங்கள். அங்கே கொடுக்கும்போது ஒரே தடவை விட்டால் போதும் என்று அருகில் நின்று சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பழக்கத்தில் இரண்டாம் முறையும் விட்டுவிடுவார்கள்.